பெரியப்பா கொடுக்காத கசாயம்

பெரியப்பாவின் மேசையில், சூரணச் சீசாக்களுக்கும் தைலப் புட்டிகளுக்கும் நடுவே, காலியான ஊசிமருந்துக் குப்பி ஒன்று இருக்கும். சுண்டுவிரல் உயரம்தான். தகர மூடி பாதி கிழிந்து, ரப்பர் அடைப்பில் ஊசி குத்திய துளை தெரியும். பாளையங்கோட்டையில் இருந்த அவருடைய சித்த வைத்தியசாலைக்கு வருகிறவர்களில் பலர் அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். இங்கிலீஷ் மருந்து வேண்டாமென்று இங்கே வந்தால் இங்கேயும் அதுதானா என்று வாய்விட்டுக் கேட்டவர்களும் உண்டு. அவர் அந்தக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்குள்ள ஒரு விளையே இருக்கு வே. எங்க வீட்டுப் பிள்ளை இதுலதான் பொழைச்சா" என்பார். விளை என்பது எங்கள் பக்கத்தில் மானாவாரித் தோட்டம். அந்தப் பிள்ளை நான்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களும் பழகியவர்களும் சேர்ந்து நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். அதற்கு நான் கட்டாயம் எழுத வேண்டும் என்று கேட்டு, தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'இலையால் என் உயிரை மீட்ட பெரியப்பா'. முப்பது வருஷமாக ஊர் இந்தக் கதையைச் சொல்ல, நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறேன். இனி முடியாது. பெரியப்பா எனக்கு இலை கொடுக்கவில்லை. அந்தத் தலைப்பை அடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அவர்கள் போடாமல் இருக்கட்டும்.

இப்படிச் சொன்னதும் அவரை ஊசிமருந்தின் ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர் முழுச் செடியின் கட்சி. கல்லூரியில் முறையாகச் சித்த மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். மலச்சிக்கலுக்கு நிலாவாரையை இலையாகத்தான் கொடுப்பார். அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினால் கோபம் வந்துவிடும். எங்கள் ஜில்லாவின் செம்மண்ணில் விளைகிற அந்த இலை ஊர்ப்பெயரோடுதான் வெளிநாட்டு மருந்துப் புத்தகங்களில் இருக்கிறது என்று அடிக்கடி பெருமையடித்துக்கொள்வார். மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிற கீழாநெல்லியில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று ஒரு கூட்டத்தில் யாரோ படித்தவர் கேட்டபோது, "நாயனத்துல எந்த ஓட்டைக்குள்ள ராகம் இருக்குன்னு கேப்பியளோ?" என்று திருப்பிக் கேட்டார். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் முதலில் கைதட்டியது என் அப்பா.

என் அப்பா அவருக்கு நேர் இளையவர். அண்ணன் படித்தார், தம்பி விளையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் எந்த மேடையில் பேசினாலும் வேலையைப் போட்டுவிட்டுப் போய்க் கேட்பார், வீட்டுக்கு வந்து அதே ஏற்ற இறக்கத்தோடு எங்களுக்குப் பேசிக் காட்டுவார். பெரியப்பாவின் பேச்சில் ஒரு வரி தவறாமல் வரும்: "செடி முழுசா இருந்தாத்தான் மருந்து. பிரிச்சா பலம் போயிரும்." அப்பா இந்த வரியைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு களை பறித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்குநேரிக்குக் கிழக்கே இருந்த எங்கள் விளையில் பாதிக்கு மேல் நித்தியகல்யாணிதான். மழை பொய்த்தாலும் அது தாக்குப்பிடிக்கும். ஆடு அதில் வாய் வைக்காது, ஆகையால் வேலியும் வேண்டாம். ரோஸ் நிறத்தில் கண்ணுக்கு எட்டியவரை பூத்துக் கிடக்கும். ஆனாலும் சுடுகாட்டுப் பூ என்று சொல்லி ஒரு பெண்ணும் தலையில் வைக்கமாட்டாள். வேரைத் தனியாகவும் இலையைத் தனியாகவும் காயவைத்துச் சாக்குகளில் அமுக்கித் தூத்துக்குடிக்கு அனுப்புவோம். மருந்துக்குப் போகிறது என்பதைத் தாண்டி அப்பாவுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இலைச் சாக்கின் மேல் ஏறி மிதிப்பதுதான் எனக்குத் தெரிந்த விளையாட்டு.

ஒன்பது வயதில் எனக்குப் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே காலில் நீலநீலமாகக் கன்றிப்போனது. ஓடியாடித் திரிந்தவள் படியேற மூச்சு வாங்கினேன். பெரியப்பா வந்து கழுத்தைத் தடவிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு மதுரை ஆஸ்பத்திரிக்குக் காரை எடுக்கச் சொன்னார். வீட்டில் அன்று சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டிலேயே இத்தனை பெரிய வைத்தியர் இருக்கும்போது மதுரைக்கு எதற்கு என்று ஒருவர் ஆரம்பிக்க, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பெரியப்பா வாசலில் நின்றபடி, "இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல" என்றார். ஒரு வைத்தியர் தன் உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்வது என்ன காரியம் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது. இன்றைக்கும் அந்த வாக்கியத்தைத் தைரியமாகச் சொல்கிற வைத்தியர்களை, எந்த முறை வைத்தியமானாலும், நான் அதிகம் பார்க்கவில்லை.

மதுரையில் ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஒரு பெண். கறாரானவர், ஆனால் எதையும் மறைக்காமல் சொல்வார். வாரம் ஒரு ஊசி, அதோடு மாத்திரைகள், நடுவில் ரத்தப் பரிசோதனை என்று விளக்கினார். பெரியப்பா ஒவ்வொரு மருந்தின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்த ஊசிமருந்தை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா, உங்கள் பக்கத்தில் விளைகிற நித்தியகல்யாணி இலையிலிருந்துதான் என்று டாக்டர் சொன்னார். அவ்வளவுதான், அப்பாவுக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் போய், எங்கள் விளையில் விளைகிற மருந்துதான் என் மகளுக்கு ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசிக்கு மட்டும் மதுரைக்குப் போய்வர வேண்டும். வேறு எந்த மருந்தும், முக்கியமாக நாட்டு மருந்து எதுவும், தரவே கூடாது என்று டாக்டர் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அப்பாவின் மனதில் வேறு கணக்கு ஓடியது. இலையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொட்டு மருந்தே பிள்ளையை எழுப்பி உட்காரவைக்கிறது என்றால் முழு இலையில் எவ்வளவு இருக்கும்? பிரித்தால் பலம் போய்விடும் என்று அண்ணன் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறார்? இலையோ கொல்லைக்குப் பின்னால் சாக்குச் சாக்காகக் கிடக்கிறது. அந்தச் செடியை விளைவித்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கணக்கு அது. மகள் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு மனிதர், தன் கையால் வளர்த்ததை நம்பிச் செய்தார்.

காலையில் அம்மா குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கசாயம் வரும். எவர்சில்வர் டம்ளரில் பாதி. நாக்கு மரத்துப்போகும் கசப்பு. குடித்து முடித்ததும் வாயில் ஒரு துண்டு கருப்பட்டி வைப்பார். எதிரே குத்தவைத்து உட்கார்ந்து நான் விழுங்கும்போதெல்லாம் தானும் விழுங்குவார். "அம்மைகிட்டச் சொல்லிராத, என்னா?" என்பார். நான் சொல்லவில்லை. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து நாளில் படுத்துவிட்டேன். வாந்தி நிற்கவில்லை, வயிறு கல்லாக இறுகிவிட்டது, பாதம் இருக்கிற உணர்வே இல்லை, அதன் மேல் காய்ச்சல். பெரியப்பாவின் காரில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டியதைவிட மிகவும் குறைந்துபோயிருந்தன. டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டு, வேறு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். திரைக்குள் பெரியப்பா மட்டும்தான் என்னோடு இருந்தார். அம்மா மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். அப்பா ரத்தம் கொடுக்கப் போயிருந்தார்.

பெரியப்பா என் பக்கம் குனிந்தார். புறப்படுவதற்கு முன் எங்கள் கொல்லையில் இலை உருவிய காம்புகள் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். அப்போது எனக்குத் தெரியாது. "பைய சொல்லு பிள்ள, அப்பா என்னத்தக் குடுத்தான்?" என்று காதோடு கேட்டார். நான் அவர் காதில் சொன்னேன். எத்தனை நாள், எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் நிமிர்ந்தார். ஒரு நிமிஷம்கூட யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"நான்தான் குடுத்தேன் டாக்டர். நித்தியகல்யாணி இலைக் கசாயம். காலையில அரை டம்ளர். பத்து நாளாச்சு" என்றார்.

டாக்டர் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. படித்தவர்தானே நீங்கள், ஒரு குழந்தையை வைத்தா சோதனை செய்வது, உங்களைப் போன்றவர்களை உள்ளே வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அந்த நேரத்தில் அம்மா திரும்பி வந்து திரையை விலக்கினாள். எல்லாவற்றையும் கேட்டாள். உங்கள் செடி விஷம் என்று டாக்டர் சொன்னபோதுதான் பெரியப்பா வாயைத் திறந்தார். "விஷம்தான். உங்க ஊசியில இருக்கதும் அதே விஷம்தான். நீங்க அளந்து குடுக்கிய, நாங்க அளக்கல. தப்பு அங்கனதான் இருக்கு. இப்பம் பிள்ளையைப் பாருங்க" என்றார். டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். என்ன உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்ததால் ஊசியை நிறுத்திவைத்து, வேறு வழியில் தேற்றி, மூன்று வாரம் போராடி என்னை மீட்டார்கள். பிறகு அதே ஊசி, அளந்த அளவில், மறுபடி ஏறியது.

அம்மா அன்றிலிருந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் திரும்புவாள். என் புருஷன் கீழே என் பிள்ளைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார், அங்கே மேலே இவர் செய்த காரியத்தை ஒப்புக்கொண்டிருந்தார் என்று சாகும்வரை சொன்னாள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். ஊரோ கதையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. வைத்தியர் இலைக் கசாயம் கொடுத்தார், பிள்ளை பிழைத்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் பொறாமை. இரண்டு பக்கமும் அவருக்கு அநியாயம் செய்தார்கள். இலை பிழைக்கவைக்கவில்லை, ஊசிதான் பிழைக்கவைத்தது என்று அவர் ஊரிடம் தொண்டை கிழியச் சொன்னார். தன்னடக்கம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இருபது வயதில் அவரிடம் சண்டைக்குப் போனேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன், நீங்கள் எதற்கு அன்றைக்குப் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். மருந்து அரைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"பொய்யா? எம் பேச்சைத்தான் அவன் காய்ச்சிக் குடுத்தான். முழுசு முழுசுன்னு மேடையில கத்துனவன் நான். எந்தச் செடிக்கு, எந்த நோவுக்குன்னு சொல்லாம விட்டவனும் நான்தான். உங்க அம்மை குடும்பம் நடத்துறது அவன்கூட. என்கூட இல்ல. அவ என்னைய வெறுத்துட்டுப் போட்டும். நீ வாயத் தொறக்காத" என்றார்.

திறக்கவில்லை. ஆனால் அவர் பேச்சு மாறியிருந்தது. முழுச் செடியை அவர் விட்டுவிடவில்லை. விட்டுவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கீழாநெல்லியைக் கடைசிவரை முழுச் செடியாகத்தான் கொடுத்தார். ஆனால் எந்த மேடையில் ஏறினாலும், ஒவ்வொரு செடியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், சிலதில் எல்லாம் சேர்ந்தால்தான் வேலை நடக்கும், சிலதில் ஒன்றைப் பிரித்து அளந்தால்தான் உயிர் நிற்கும், இதைத் தெரியாதவன் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சொன்னார். நாட்டு மருந்துக்காரர்கள், இங்கிலீஷ் மருந்துக்காரர்கள் இரண்டு தரப்பும் அவரை மேடைக்குக் கூப்பிடுவதை நிறுத்தின. போங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் காலிக் குப்பியை மேசையில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தார்.

அவரால்தான் நான் வேதியியல் படித்தேன். இப்போது மூலிகைச் சாறு தயாரிக்கிற இடத்தில் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நித்தியகல்யாணி இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. என்னைக் காப்பாற்றியது அதில் மிகமிகக் கொஞ்சமாக இருக்கிற ஒன்று. மழைக்கு முன் பறித்த இலையும் பின் பறித்த இலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அரை டம்ளர் கசாயத்தில் எது எவ்வளவு போகிறது என்று அப்பாவுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. இதை நான் சொன்னால் இலைக்காரர்கள் என்னைக் கம்பெனிக்கு விலைபோனவள் என்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற இளைஞர்களோ கசாயம் என்றாலே அழுக்குத் தண்ணீர் என்று சிரிக்கிறார்கள். அவர்களிடம், நிலாவாரை இலையின் குணம் முழுவதையும் ஒரே ஒரு பொருளின் கணக்கில் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்பேன். காட்டியவர் யாரும் இல்லை. என் பெரியப்பா சிரிப்புக்கு உரியவர் அல்ல.

நினைவு மலரை முன்னின்று நடத்துகிறவர் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. பெரியப்பா மேல் உண்மையான பாசம் உள்ளவர். போன மாதம் ஒரு துண்டு நோட்டீஸ் அடித்திருந்தார். அதில் என் கதை இருந்தது, பெயர் இல்லாமல். அந்த நோட்டீஸை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு களக்காட்டிலிருந்து ஒரு பெண், அவர் கடையில் விசாரித்து, என்னைத் தேடி வந்தாள். ஆறு வயது மகனுக்கு அதே நோய். ஊசி போட்டால் பிள்ளை துவண்டு போகிறான் என்று இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. "எத்தன இலை போடணும்க்கா? பூவோட போடணுமா, பூ இல்லாமயா?" என்று கேட்டாள். என்னுடைய மௌனம் முப்பது வருஷம் நடந்து, களக்காடு வரைக்கும் போய், ஒரு பிள்ளையின் டம்ளரில் விழப் பார்த்திருக்கிறது. அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்போ உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டாள். எங்கள் அப்பா என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னது ஒரு முன்பின் தெரியாத பெண்ணிடம்.

மறுநாள் நானே அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையனுக்கு மறுபடி ஊசி தொடங்கியிருக்கிறது. பிழைத்துவிடுவான் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரியாததை எழுத மாட்டேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டு நோட்டீஸை நிறுத்தச் சொன்னேன். நல்லதைச் சொல்லித்தானே தங்கச்சி போடுதோம், இலைக்குப் பேர் வந்தால் அவருக்கும் பேர்தானே என்றார். இல்லை அண்ணாச்சி, அவர் பெயரை இப்படிக் கெடுக்க உங்களை விடமாட்டேன், கசாயம் கொடுத்தது அப்பாதான் என்று மலரில் நடந்ததை எழுதுகிறேன், நோட்டீஸ் இன்னொரு தடவை வந்தால் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வேன் என்றேன். அப்பாவைக் கேட்டாயா என்றார் அவர்.

இப்போது கேட்டுவிட்டேன். அப்பாவுக்கு எண்பது ஆகிறது, என்னோடுதான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். நேற்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்து இதை முதல் வரியிலிருந்து வாசித்தேன். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் அனுப்பிவிடுவது என்ற முடிவோடுதான் வாசித்தேன். முடித்ததும் வெகுநேரம் வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்று நினைத்தேன்.

"அதுல ஒண்ணு தப்பா இருக்கு. ரத்தம் குடுக்கப் போயிருந்தேன்னு எழுதியிருக்க. அப்பம் போகல. நான் அந்தத் திரைக்கு வெளியதான் நின்னேன். அண்ணன், நான்தான் குடுத்தேன்னு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. உங்க அம்மை படியேறி வார சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்துப் படி வழியா கீழ போயிட்டேன். ரத்தம் குடுத்தது அதுக்குப் பொறவுதான்" என்றார். பிறகு மங்கிய கண்ணால் என் கையிலிருந்த தாளைத் தேடி, "அதையும் எழுதிரு" என்றார்.